சிவப்பு மையில் நான் திருத்திய வாக்கியங்கள்

இன்று காலை ஒரு நர்ஸ் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்ததும் அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. உடனே நிரம்பவில்லை. ஆடி அசைந்து, அவசரமே இல்லாமல் மேலே வந்தது. "பயப்படாதீங்கம்மா, பிரஷர் மாத்திரை சில பேருக்கு இப்படித்தான் நீர் கோத்துக்கும். டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுப்பாங்க" என்றாள். நான் எங்கே பயந்தேன்? உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உன் காலை யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை இப்படி அழுத்திப் பார்த்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கட்டைவிரல் எனக்கும்தானே இருந்தது.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ போன பிறகு உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதுவதென்றால் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும், அதுதான் நமக்குள் இருந்த சட்டம். சட்டம் போட்டவள் நான். இன்று நானே அதை மீறுகிறேன். இங்கிலீஷில் உன்னோடு பேசி நான் கண்டது போதும்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். நான் சின்னாளப்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லெட்டர்களை வேகமாக அடிக்கவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டதால் சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கே வந்து போவேன். பதப்படுத்தும் தோலின் வாடை என் சேலையில் ஏறியிருக்கும். என் பக்கத்து மிஷின் எப்போதும் காலியாகவே கிடக்கும். நீ ஒருத்திதான் வந்து தைரியமாக உட்கார்ந்தாய். "எங்க அத்தா கடையில இருந்து நேரா வாரேன். எம்மேல சால்னா வாடை, உம்மேல தோல் வாடை. ரெண்டுஞ் சேந்தா சரியாப்போகும்" என்றாய். நான் சிரிக்கவில்லை. நான் அப்போதெல்லாம் லேசில் சிரிக்கிறவள் இல்லை. ஆனால் மறுநாள் நீ வரத் தாமதமானபோது இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தேன்.

பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேரும் தபாலில் பி.ஏ. படிக்கிறோம், இரண்டு பேரும் அதே இங்கிலீஷ் பேப்பரில் கோட்டை விட்டிருக்கிறோம் என்று. நான் இரண்டு மார்க்கில் போனவள், நீ இருபது மார்க்கில் போனவள். அந்தப் பதினெட்டு மார்க்கு வித்தியாசத்தில் நான் உனக்கு மேலதிகாரி ஆகிவிட்டேன். சம வயதுதான் நமக்கு. இருந்தாலும் நான் கேள்வி கேட்பேன், நீ பதில் சொல்வாய். நான் முறைப்பேன், நீ பல்லைக் காட்டுவாய்.

தபாலில் வந்த பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம். மெல்ல மெல்ல மாறுவதையும் ஒன்று தொடங்குவதையும் சொல்லும் வினைச்சொற்கள். பிகம், கெட், குரோ, டர்ன், கோ, கம், ஃபால், ரன், பிகின், ஸ்டார்ட் என்று பத்து. ஒவ்வொரு வருஷமும் அதிலிருந்து கேள்வி வருகிறது என்று நான் பழைய வினாத்தாள்களைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தேன். அத்தா என்று நீ கூப்பிடும் உன் அப்பாவின் பரோட்டாக் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கிய அறையில் உட்கார்ந்து நாம் அதைப் படித்தோம். நீ பட்டியலைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாய்.

"ஏ புள்ள, நமக்கு எல்லாத்துக்கும் ஒரே ஒரு 'ஆச்சு' போதுது. இருட்டாச்சு, வயசாச்சு, கிறுக்காச்சு. இவனுகளுக்கு மட்டும் எதுக்கு இம்புட்டு?"

"பரீட்சையில வரும். படி."

"இருட்டுன்னா கெட்டு, வயசுன்னா குரோ, பால் திரிஞ்சா டர்னு, கிறுக்குப் பிடிச்சா கோ. தூக்கத்துல மட்டும் ஃபாலாம், தொபுக்கடீர்னு" என்று சொல்லிவிட்டு நீ அரிசி மூட்டை மேலேயே விழுந்து காட்டினாய். அப்புறம் எழுந்து, கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இங்க பாரு. கெட்டதுக்கெல்லாம் கோ போடுறான். நல்லதுக்கு கம் போடுறான். நம்மளும் அப்படித்தான் பேசுறோம். கெட்டுப்போச்சு, நொந்துபோச்சு, செத்துப்போச்சு. நல்லதுன்னா மட்டும் கூடி வந்துச்சுங்கிறோம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. புத்தகத்தைப் பத்துத் தடவை படித்தவள் நான், ஒரு தடவை பார்த்துவிட்டு நீ இப்படிச் சொன்னால் எரியாதா? "அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டான்" என்று உன் வாயை அடைத்தேன். இரண்டு பேரில் யாருக்கு உண்மையில் இங்கிலீஷ் வந்தது என்று இன்றைக்குச் சொல்லச் சொன்னால் உன் பெயரைத்தான் சொல்வேன்.

அந்த வருஷம் மழை பொய்த்துப்போனது. ஊரில் குடத்தோடு நிற்காத தெரு கிடையாது. தண்ணீர் லாரி வருகிற நாளில் இன்ஸ்டிட்யூட்டில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அப்படி ஒரு நாளில்தான் நீயும் வரவில்லை, ஆனால் காரணம் தண்ணீர் இல்லை. உனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கீரனூர்க்காரர், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கேரளா லாரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் வேலை. நோன்பு முடிந்ததும் கல்யாணம். அதற்கு முன்னால் மே மாதம் பரீட்சை எழுதிக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டார்கள். ஆனால் நிச்சயமான பெண் கடைக்கும் இன்ஸ்டிட்யூட்டுக்கும் அலைய வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கட்டும்.

அப்படித்தான் அந்த நோட்டு வந்தது. நூற்றிருபது பக்கக் கோடு போட்ட நோட்டு. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தாவின் கடையில் கொடுத்துவிட்டு நான் ஆபீஸ் போவேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது அத்தா அதை உன்னிடம் கொடுப்பார். நீ அந்தப் பத்து வினைகளையும் வைத்துப் பத்து வாக்கியம் எழுதி அனுப்புவாய். சாயங்காலம் நான் வாங்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸிலேயே சிவப்பு மையில் திருத்துவேன். வரும்போதெல்லாம் அட்டையில் ஒரு புது எண்ணெய் விரல் பதிந்திருக்கும்.

முதல் நாலு நாளில் நீ எங்கே வாக்கியம் எழுதினாய்? தமிழில் கதை எழுதினாய். மாமியார் வந்து போனதை எழுதினாய். "ஏனுங்க அம்மணி, நம்ம பக்கம் வந்தா மெதுவாத்தானுங்க பேசோணும்" என்று அவர்கள் பேசினதை அப்படியே எழுதினாய். கடைசியில், "மாப்பிள்ளைக்கு மீசை முளைக்க ஆரம்பிச்சு பாதியில நின்னுபோச்சு. இதுக்கு பிகினா, ஸ்டார்ட்டா?" என்று ஒரு கேள்வி. அன்றைக்கு நான் நோட்டு வாங்கப் போனபோது அத்தா கல்லாவில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏந்தாயி, மீசை பாதியில நின்னா கல்யாணம் நிக்குமா?"

"இல்லத்தா" என்றேன்.

"அப்ப மொத்தத்தையும் நிறுத்தச் சொல்லு, எழுதுறத" என்றவர், அப்புறம் தாங்காமல் சிரித்துவிட்டார். பரோட்டா மாஸ்டரும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கே பஸ்ஸில் உட்கார்ந்து முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் சட்டம் எழுதினேன். இனி நோட்டில் ஒரு எழுத்துத் தமிழ் இருக்கக் கூடாது. கதை கூடாது. பாடம் மட்டும். உன் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதால் அத்தா படித்தாலும் கவலை இல்லை என்பது என் கணக்கு. நீ அதற்குக் கீழே இங்கிலீஷில் 'சரி டீச்சர்' என்று எழுதி ஒரு பாதி மீசை வரைந்திருந்தாய்.

அதற்குப் பிறகு நீ சட்டத்தை மீறவே இல்லை. பால் திரிந்தது, இலை பழுத்தது, கிணறு வற்றிப்போனது என்று ஒழுங்காக எழுதினாய். சித்திரை பிறந்த சமயம், பத்து வாக்கியத்தில் ஏழாவதோ எட்டாவதோ ஒன்று வந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சாயங்காலமானால் என் செருப்பு சின்னதாகிவிடுகிறது.' நான் அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன்: 'செருப்பு வளராது, சின்னதாகவும் ஆகாது. அர்த்தம் பார்த்து எழுது.'

அடுத்த வாரம், 'வாயில் சோறு இரும்பாக மாறத் தொடங்கியிருக்கிறது' என்று எழுதினாய். ஒரே வாக்கியத்தில் இரண்டு வினை என்று எனக்கு ஒரே சந்தோஷம். டிக் போட்டு 'சபாஷ்' எழுதினேன். 'காலையில் என் கண்ணிமைகள் கனத்துப்போகின்றன' என்பதற்கு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன். 'எங்கள் வீட்டு மாடிப்படி நாளுக்கு நாள் உயரமாகிக்கொண்டே போகிறது' என்று ஒரு நாள் எழுதியிருந்தாய். அடேயப்பா, என்ன கற்பனை இவளுக்கு என்று வியந்து, ஆபீஸில் மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் பிரமாதம் என்றார். பத்துக்கு ஒன்பது போட்டுப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டேன்.

பிறகு, 'எனக்குப் பயம் தொடங்கிவிட்டது.' சரி என்று டிக் போட்டேன். மறுநாளும் அதே வாக்கியம். அதற்கும் டிக். மூன்றாம் நாளும் அதே வாக்கியத்தை எழுதி அனுப்பினாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'எழுதினதையே எழுதாதே. சோம்பேறித்தனம். புதிதாக யோசி' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். நாலாம் நாள் நீ புதிதாக யோசித்திருந்தாய். மாம்பழம் மஞ்சளாகிறது என்று எழுதியிருந்தாய்.

நீ கேட்கலாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்க வீடு பொடி நடையாப் பத்து நிமிசம், நீ ஏன் ஒரு நாள்கூட வரவில்லை என்று. கடைசி பஸ் போய்விடும், அம்மா தேடுவாள் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அது பொய். பொறாமை. சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்தாறு முடிந்திருந்தது, பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தோல் ஷாப்பில் வேலை என்று கேட்டதும் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். உன் வீட்டில் புதுப் புடவை விரித்துக் காட்டுவார்கள், உன் முகம் பூரித்திருக்கும், நான் பார்த்துப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கு என்னால் ஆகவில்லை. நோட்டில் இருந்த நீ எனக்குப் போதுமானவளாக இருந்தாய். அந்த நோட்டில் நான்தான் பெரியவள்.

பரீட்சை அன்றைக்குத்தான் உன்னைப் பார்த்தேன், இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து. உன் அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நீ துப்பட்டியை விலக்கினதும் முகம் உப்பியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னடி, கல்யாணக் களை இப்பவே வந்திருச்சு, கன்னமெல்லாம் ஊதிருச்சே" என்று கிள்ளினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். விடவில்லை. உன் கை ஜில்லென்றிருந்தது.

"நோட்டு பூராம் படிச்சியா?" என்று கேட்டாய்.

"அம்புட்டும் படிச்சேன். இனிமே நீ குரோவுல தப்பு விட மாட்ட."

"இல்ல புள்ள. நான் எழுதுனது எல்லாத்தையும் படிச்சியான்னு கேக்குறேன்."

"ஒரு வரி விடாமப் படிச்சேன். ஏன், சந்தேகமா?"

நீ என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தாய். அப்புறம், "அப்ப சரி" என்றாய். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் பரீட்சைக்குத் தயாராகிவிட்ட தைரியம் என்று எடுத்துக்கொண்டேன். மணி அடித்தது, உள்ளே போனோம். வெளியே வந்தபோது உன் அண்ணன் ஏற்கெனவே ஸ்கூட்டரில் காத்திருந்தார். நீ கை காட்டினாய், நானும் காட்டினேன்.

அதற்கப்புறம் நோட்டுக்கு வேலை இல்லாமல் போனது. அது என்னிடமே இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அத்தா கடை பூட்டியிருந்தது. கல்யாணச் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். வெள்ளிக்கிழமையும் பூட்டியிருந்தது. பக்கத்துப் பழக்கடைக்காரர்தான் சொன்னார், உன்னை மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று, புதன்கிழமையே அடக்கம் ஆகிவிட்டது என்று. நான் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து என் கையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதை என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

அங்கிருந்து நேராக பேகம்பூருக்கு உன் வீட்டுக்குப் போனேன். இறந்த மூன்றாம் நாள் ஓதும் ஃபாத்திஹாவுக்கு வந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். உங்க அம்மா என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. யாரோ சொல்லி, எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"நீதானா அந்த நோட்டுப் புள்ள? வா தாயி. ஒடம்புக்கு என்னடி பண்ணுது, டாக்டர்ட்ட போவமான்னு கேட்டாப் போதும், 'எல்லாத்தையும் அவட்ட எழுதிட்டேம்மா, அவ படிச்சவ, ஏதாச்சும்னா அவ சொல்லுவா'ன்னுவா. பரீட்சை எழுதிட்டு வந்து, 'அவ எல்லாம் படிச்சுட்டா, ஒண்ணுஞ் சொல்லல, அப்ப ஒண்ணுமில்ல'ன்னா. நாங்களும் கல்யாணக் களைப்புன்னு விட்டுட்டோம். டாக்டரு, கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதான்னு கேக்குறாரு. உங்கிட்ட சொன்னாளா தாயி?"

அந்த நிமிஷம் எனக்கு உண்மையிலேயே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உன் வாக்கியங்கள் எதுவும் என் தலையில் இல்லை, உன் தப்புகள் மட்டும்தான் இருந்தன. "இல்லம்மா. ஒண்ணுமே எழுதல. பாடம் மட்டுந்தான் எழுதுனா" என்று சொன்னேன்.

உங்க அம்மா என் கையை விட்டார்கள். "அப்ப எங்கிட்ட பொய் சொல்லிருக்கா. பெத்தவட்ட" என்றார்கள். அப்படியே சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நோட்டை எடுத்தேன். அது எப்போதும் என் பையிலேயே கிடக்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது, வெயில் இன்னும் இறங்கவில்லை. முதல் தடவையாகச் சிவப்பை விட்டுவிட்டு உன் நீலத்தை மட்டும் படித்தேன். செருப்பு. சோறு. கண்ணிமை. மாடிப்படி. பயம், பயம், பயம். தமிழில் எழுதினால் அத்தா படித்துவிடுவார், கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்திருக்கிறாய். நேரில் சொல்ல நான் வரவில்லை. உனக்கு நான் விட்டுவைத்திருந்தது பத்து வினைச்சொல்தான், அந்தப் பத்தையும் வைத்து நீ எல்லாவற்றையும் சொல்லியிருந்தாய். ஊர் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டக்டர் வந்து எழுப்பினார். தூங்கிவிட்டேன் என்று நினைத்தார்.

மறுநாளே உங்க அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உன் மகள் பொய் சொல்லவில்லை, எழுதியிருக்கிறாள், நான்தான் படிக்கவில்லை என்று. போகவில்லை. அடுத்த வாரம் என்று தள்ளினேன். அப்புறம் நோன்பு முடியட்டும் என்று தள்ளினேன். ரிசல்ட் வந்தபோது அத்தாவே என் ஆபீஸுக்கு உன் மார்க்குத் தாளைக் கொண்டுவந்தார். "என்ன போட்டிருக்குன்னு பாரு தாயி" என்றார். நீ பாஸ். என்னைவிட மூன்று மார்க்கு அதிகம். சொன்னேன். "பாசா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தோல் காயும் முற்றத்தின் வழியாக நடந்து போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அந்தப் பி.ஏ. தாலுகா ஆபீஸில் அரசாங்க வேலை வாங்கிக் கொடுத்தது. கல்யாணம் கூடி வரவில்லை. அதைப்பற்றி எனக்கு வருத்தம் கொஞ்சம்தான். ஆபீஸில் பிற்பாடு எனக்குக் கீழே ஒன்பது பேர் இருந்தார்கள். 'சிறிது உடல்நலக் குறைவு' என்று யாராவது லீவு லெட்டர் கொடுத்தால் என்னால் அதில் கையெழுத்துப் போட முடியாது. எழுந்து அவர்கள் மேஜைக்கே போய்விடுவேன். என்ன குறைவு, எப்போதிலிருந்து, கால் வீங்குதா, சோறு இறங்குதா என்று கேட்டுத் துளைப்பேன். "மேடத்துட்ட லீவு கேட்டா ஆம்புலன்ஸ் வந்திரும்டா" என்று என் காதில் விழும்படியே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒருத்தனுக்கு அப்படிக் கேட்டுத்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவன் நன்றி சொல்ல வந்தபோது எனக்கு அழுகை வந்தது, காரணம் புரியாமல் பயந்துபோய் ஓடிவிட்டான்.

நீ போய்ப் பதினோரு வருஷம் கழித்து உங்க அம்மா அதே ஆபீஸுக்கு வந்தார்கள். அத்தா இறந்துபோயிருந்தார், விதவைப் பென்ஷனுக்கு விண்ணப்பம் கொடுக்க வந்திருந்தார்கள். வரிசையில் நின்று என் மேஜைக்கு வந்ததும் என்னை உற்றுப் பார்த்து, "நீ அந்த நோட்டுப் புள்ளதானே?" என்றார்கள். அதற்கு மேல் என்னால் ஓட முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் அவர்கள் மட்டும் இருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் நோட்டை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தார்கள். "அவ எழுதுனத தமிழ்ல படி" என்றார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். செருப்பு வாக்கியத்தில் நிறுத்தச் சொன்னார்கள். "ஆமா. கல்யாணத்துக்கு வாங்குன புதுச் செருப்ப எனக்குக் குடுத்துட்டா, இறுக்குதும்மான்னு. நான் போட்டுத் தேச்சேன்." அப்புறம் விரலை வைத்துக் கேட்டார்கள்: "அதுக்குப் பக்கத்துல செவப்புல இருக்கே, அது என்ன?"

"அது நான் எழுதுனது."

"அதையும் படி."

படித்தேன். செருப்பு வளராது, அர்த்தம் பார்த்து எழுது என்று படித்தேன். சபாஷ் என்று படித்தேன். மாடிப்படிக்குப் பத்துக்கு ஒன்பது என்று படித்தேன். சோம்பேறித்தனம், புதிதாக யோசி என்று படித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னொருக்கப் படி" என்றார்கள். இன்னொரு தடவை சத்தமாகப் படித்தேன்.

தெருவில் தண்ணீர் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது, அவர்கள் குடத்தை எடுக்க எழுந்திருக்கவில்லை. அப்புறம் சொன்னார்கள்: "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓதுவேன். 'ஏண்டி சொல்லல, பெத்தவட்ட ஏண்டி சொல்லல'ன்னு அவளத் திட்டிட்டுத்தான் ஓதவே ஆரம்பிப்பேன். பதினோரு வருசமா. புள்ள சொல்லிருக்காளே. அல்லா, புள்ள சொல்லித்தான் இருக்கா."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவார்கள் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தேன். கிளம்பும்போது நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், எனக்குப் படிக்கத் தெரியாது, நீயே வச்சுக்க என்று. நான் செருப்பை மாட்டும் வரை நின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பென்ஷன் அவர்களுக்குக் கிடைத்தது, ஆறு வருஷம் வாங்கினார்கள். அவர்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். உள்ளே போகிற தைரியம் வரவில்லை.

நீ கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியும். நீ என்மேல் கோபப்பட்டிருக்க மாட்டாய். "விடு புள்ள" என்பாய். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். உங்க அம்மா பதினோரு வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்னைத் திட்டின திட்டு முழுக்க என்னுடையது. 'ஏண்டி சொல்லல' என்று உன்னைக் கேட்டதற்குப் பதில், 'ஏண்டி கேக்கல' என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் கேட்கவில்லை. அத்தா கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. இப்போது நீங்கள் மூன்று பேரும் இல்லை, நடந்தது என்ன என்று தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் பாங்கு சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். உங்க அம்மா குரலில்தான் கேட்டுக்கொள்கிறேன். ஏண்டி கேக்கல, அவ அம்புட்டு எழுதியும் நீ ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல?